உம்

மோர்தோ ஃப்ளொரெந்தீன் எதையும்
மறுபக்கமிருந்துதான் வாசிப்பான்.
சலோனிகாத் துறைமுகத்துக்குப் பின்தெருவில்
ஒரு மாலைப் பத்திரிகைக்கு
ஐந்து வருடம் அச்சுக் கோத்தவன்.
எண்ணெய் விலை, கப்பல் நேரம், கல்யாணம், சாவு
எல்லாமே இடம் வலமாகத்தான்
அவன் விரலுக்கு முதலில் வந்து சேரும்.
"ஊருக்கு மாலையில் தெரிவது
எனக்குக் காலையிலேயே தெரியும்,
என்ன, கண்ணாடிக்குள் தெரியும்" என்பான்.

பட்டாளத்தில் எனக்கு அடுத்த படுக்கை.
நான் மலைக்காரன், கோவேறு கழுதை ஓட்டி.
அதுவரை ஒரு யூதனோடு
ஒரே தட்டில் தின்றதில்லை.
முதல் வாரம் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டேன்.
கொட்டாவி விட்டபடி பதில் சொன்னான்.
டப்பா இறைச்சியை மட்டும் என் பக்கம் தள்ளிவிடுவான்.
அவன் விரதத்தில் என் வயிறு வளர்ந்தது.

சட்டைப் பையில் ஓர் ஈய எழுத்து வைத்திருந்தான்,
முதலாளிக்குத் தெரியாமல் எடுத்தது.
ஒரு குச்சி, தலையில் சின்ன வளைவு.
"இது வாவ்" என்றான்.
"தனியாக நின்றால் வெறும் ஆணி.
சொல்லோடு ஒட்டினால் 'உம்'.
வானமும் பூமியும்.
உப்பும் ரொட்டியும்.
நீயும் உன் நாற்றம் பிடித்த கழுதையும்."

ஜனவரி. அல்பேனிய மலை.
எதிரி சுட்டதைவிடப் பனி சுட்டது அதிகம்.
சிலருக்குக் காலுறையைக் கழற்றினால்
சதையும் சேர்ந்து வந்தது.
மோர்தோ என் பாதங்களைத் தன் சட்டைக்குள்
வெறும் வயிற்றில் வைத்துக்கொண்டு
ராத்திரி முழுக்கக் கதை சொன்னான்:
சுமை தூக்கும் அப்பா
சனிக்கிழமை மட்டும் நிமிர்ந்து நடப்பது,
வர்தார் காற்று மீன் சந்தையில் தொப்பி திருடுவது,
தங்கை ஓரோவின் கல்யாணப் பெட்டியில்
அம்மா பூத்தையல் போட்டு அடுக்கிய
எட்டுப் படுக்கை விரிப்புகள்.
நான் தூங்கிவிடக் கூடாதென்று
வாக்கியத்துக்கு வாக்கியம் 'உம்' கொட்டச் சொன்னான்.
கொட்டினேன்.
நிறுத்தினால் கிள்ளினான்.

விடிந்ததும் தண்ணீருக்குப் போனான்.
அன்று என் முறை.
பீரங்கிக் குண்டு ஒன்றே ஒன்று,
எங்களைக் குறிவைத்ததாகவும் தெரியவில்லை.
வாளி உருண்டு கழுதையின் காலடிக்கு வந்தது.
உள்ளே கொஞ்சம் பனி, வேறு நிறத்தில்.

இருபத்திரண்டு வயது.

ரவைப் பெட்டியை உடைத்து
பழக்கத்தில் சிலுவை அடித்துவிட்டேன்.
நட்ட பிறகுதான் உறைத்தது.
குறுக்குப் பலகையைப் பிடுங்கினால்
ஆணி வரவில்லை, பலகைதான் முறிந்தது.
உச்சியில் ஒரு பக்கம் சிறு துண்டு ஒட்டிக்கொண்டு நின்றது.
பையிலிருந்த ஈயத்தை எடுத்து ஒப்பிட்டேன்.
வளைவு எந்தப் பக்கம்?
ஈயம் ஒன்று சொல்லும், காகிதம் வேறு சொல்லும்
என்று அவன்தான் சொல்லியிருந்தான்.
பனியில் சுற்றி நடந்து போய்ப் பார்த்தேன்.
மறுபக்கமிருந்து சரியாக இருந்தது.

ஏழு கால்விரல்களை ஆஸ்பத்திரியில் விட்டேன்.
அப்புறம் ஜெர்மானியர் வந்தார்கள், பஞ்சம் வந்தது,
எப்படியோ போனார்கள்.
நாற்பத்தைந்து இலையுதிர் காலத்தில்
ஈய எழுத்தை அவன் அம்மாவிடம் கொடுக்கக்
கோல் ஊன்றிப் போனேன்.

பத்திரிகை இருந்த இடத்தில் சைக்கிள் கடை.
ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
ரயில்கள் என்றார். முழுத் தெருவும் என்றார்.
பிறகு எடை போடுவதுபோல
எனக்கு ஒரு ரொட்டியைக் கையில் வைத்தார், காசு வாங்கவில்லை.

வீட்டு முற்றத்துக்குப் புதிதாகக் கல் பாவியிருந்தார்கள்.
பழைய இடுகாட்டுக் கற்கள்.
சில தலைகீழ், சில நேர்.
வரிக்கு வரி அந்தக் குச்சிகள்,
எதையோ எதனோடோ கோத்தபடி.
எங்கே கால் வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.
கொடியில் பூத்தையல் விரிப்புகள் காய்ந்தன.
எண்ணினேன். ஆறு.

"யாரைத் தேடுகிறீர்கள்?" என்றாள்
ஈரக் கையோடு வந்த பெண்.

"மோர்தோவும்..." என்று தொடங்கினேன்.